வெளுத்து வரும் குடிநீரும் அதில் கரைந்திருக்கும் காற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராதாபுரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் சுண்ணாம்பு கரைத்தாற்போல் வெளுத்து வந்ததாகவும், ப்ளீச்சிங் பவுடரை அளவு மீறிக் கொட்டிவிட்டார்கள் என்று ஐயுற்ற மக்கள் அதைக் குடம் குடமாகத் தெருவில் ஊற்றியதாகவும் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் அண்மையில் செய்தி வந்திருந்தது. அலுவலர்கள் வந்து பார்க்கையில் பிடித்து வைத்திருந்த நீர் பளிங்காகத் தெளிந்திருந்தது என்றும், அதைக் கண்டு ஊரார் 'நீரை மாற்றிவிட்டார்கள்' எனக் குற்றஞ்சாட்டினார்கள் என்றும் அச்செய்தி முடிந்திருந்தது. குடிநீர் வழங்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஊரார் ஐயத்துக்குக் காரணமாகக் காட்டிய அந்தத் தெளிவுதான் உண்மையில் நீரை வெளுக்கச் செய்தது எது என்பதற்கான சான்று என்பதை விளக்க விரும்புகிறேன். பிடித்த சில நிமிடங்களில், யாரும் எதுவும் செய்யாமலே தானாகத் தெளியும் வெண்மை காற்றுக் குமிழ்களால் வருவது. சுண்ணாம்போ மருந்தோ அப்படி மாயமாக மறைவதில்லை.

இதை யாரும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் தண்ணீர் பிடிப்பது எவர்சில்வர் குடத்திலும் செம்பிலும் என்பதால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒரு கண்ணாடித் தம்ளரில் நீரைப் பிடித்து, அசைக்காமல் வெளிச்சத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். வெண்மை அடியிலிருந்து விலகத் தொடங்கி, தெளிந்த நீரின் எல்லை மெல்ல மேலேறி, கடைசியில் மேல்மட்டத்தில் மட்டும் சிறிது வெண்மை தங்கி அதுவும் மறைந்தால் அது காற்று. மாறாக, மேலே தெளிந்து அடியில் படிவு தங்கினாலோ, மணிக்கணக்கில் கலங்கலாகவே இருந்தாலோ அது மண், சுண்ணாம்பு அல்லது வேறு ஏதேனும் திடப்பொருள். அப்போது நீரை ஆய்வுக்கு அனுப்பத்தான் வேண்டும். குமிழ் மேலே எழும், துகள் கீழே படியும் என்பதைத் தவிர இச்சோதனையில் நுட்பம் ஏதுமில்லை என்றாலும், ஒரு கிராமம் முழுவதும் ஒரு பகல் குடிநீரின்றி இருந்ததைத் தவிர்க்க இதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

காற்று எப்படி இவ்வளவு நீரில் புகுந்தது என்ற கேள்வி எழுவது இயல்பே. நீரில் எப்போதும் காற்று கரைந்தே இருக்கிறது. மீன்கள் உயிர்வாழ்வதும் அதனால்தான். நாம் வாழும் தரைமட்டக் காற்றழுத்தத்தில், 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அழுத்தம் கூடினால் இந்த அளவும் அதே விகிதத்தில் கூடும் என்பதை மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803ஆம் ஆண்டில் சோதனைகள் வழியே நிறுவினார். பள்ளிப் பாடநூல்களில் ஹென்றி விதி என்று படிப்பது அதுவே. நீருக்கடியில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அப்படியானால் நீர்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழத்தில், மேலேயுள்ள காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து, ஐந்து மடங்கு அழுத்தம் நிலவும். அங்கே போதிய காற்று கிடைத்தால் ஒரு லிட்டர் நீர் 85 மில்லிலிட்டர் வரை கரைத்துக்கொள்ளும். அதே நீர் மேலே வந்து குழாய் வாயைக் கடந்தவுடன் அழுத்தம் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. 17 மில்லிலிட்டர் போக எஞ்சிய காற்றுக்கு இனி நீரில் இடமில்லாததால் அது நுண்குமிழ்களாகப் பிரிந்து வெளியேறுகிறது.

'போதிய காற்று கிடைத்தால்' என்று மேலே எழுதியது கவனிக்கத்தக்கது. ஆழத்தில் இருப்பதால் மட்டும் நீரில் காற்று சேர்ந்துவிடாது. அந்த அழுத்தத்தில் காற்றும் நீரும் ஒன்றையொன்று தொட வேண்டும். வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும் இடங்களில் கம்ப்ரஸர் வைத்து நீர் எடுப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அங்கே கிணற்றுக்குள் மோட்டார் கிடையாது. மேலேயுள்ள கம்ப்ரஸர் குழாய் வழியாக அழுத்தக் காற்றை அடியாழத்துக்குச் செலுத்த, அக்காற்று நீரோடு கலந்து அதை உந்தி மேலே கொண்டுவருகிறது. நீரைக் காற்றால் தூக்கும் இம்முறையில் நீர் வெளுத்து வராமல் இருந்தால்தான் வியக்க வேண்டும். ஆற்றோரத்து உறைகிணறுகளிலிருந்து நீர் பெறும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் காரணம் சற்று வேறு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் விடுகையில், இடைப்பட்ட நாட்களில் காலியான குழாய்களில் காற்று நிறைந்திருக்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்தோ நீரேற்று நிலையத்திலிருந்தோ நீர் வேகமாக வரும்போது அக்காற்று முனைகளிலும் மேடுகளிலும் அடைபட்டு நசுங்கி நீரில் கரைகிறது. திறந்தவுடன் குழாய் 'புஸ்' என்று சீறிவிட்டு முதல் சில குடங்கள் வெளுத்து வருவதற்கு இதுவே காரணம்.

இனி அந்த வெண்மையைப் பற்றி. காற்றுக்கும் நிறமில்லை, நீருக்கும் நிறமில்லை. இரண்டும் சேர்ந்தால் எப்படி வெளுக்கும் என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு குமிழின் பரப்பிலும் ஒளி திரும்பியும் வளைந்தும் சிதறுகிறது. எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறுவதால் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிகிறது. பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி விழும் இடம் வெளுத்திருப்பதும் இதனால்தான். அங்கே காற்று கரைந்து பிரியாமல், விழும் வேகத்தில் நேரடியாக இழுத்துக் கலக்கப்படுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. வெண்மைக்கு மிகக் குறைந்த காற்றே போதும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் காற்று, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு விட்டமுள்ள குமிழ்களாகப் பிரிந்தால், கணக்குப்படி ஏழு கோடிக்கும் மேற்பட்ட குமிழ்கள் உண்டாகும். அந்தத் தம்ளருக்கு அப்பால் இருக்கும் விரல் கண்ணுக்குத் தெரியாது. அந்த அளவுள்ள குமிழ் நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வேகத்தில்தான் எழும் என்பதால் பத்து சென்டிமீட்டர் உயரத் தம்ளர் தெளிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாகும். விட்டம் பாதியானால் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே சில நாட்களில் நான்கைந்து நிமிடம் வரை வெண்மை நீடிப்பதும் உண்டு. மிகச் சிறிய குமிழ்கள் மேலே வந்து சேர்வதற்குள்ளேயே மறைந்துவிடக்கூடும். குமிழ் சிறுத்துக்கொண்டே போனால் நீர்ப்பரப்பின் இழுவிசை அதை மேலும் மேலும் நெருக்குகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, முன்பு சொன்ன அதே விதிப்படி, உள்ளிருக்கும் காற்று சுற்றியுள்ள நீரில் மீண்டும் கரைந்துபோகிறது.

சோடாவில் குமிழ்கள் பெரிதாகவும் நீண்ட நேரமும் வருகின்றனவே, இந்த நீரில் ஏன் அப்படி இல்லை என்று கேட்கலாம். சோடாவில் இருப்பது கரியமில வாயு. அது காற்றைவிட நாற்பது மடங்குக்கு மேல் நீரில் கரையக்கூடியது. அழுத்தத்தில் அடைக்கும்போது ஒரு லிட்டர் நீருக்குள் மூன்று லிட்டர் வாயுவைக்கூட அடக்கிவிடலாம். கோலி சோடாப் புட்டியின் கழுத்தில் கோலிக்குண்டை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்திருப்பது அந்த வாயுவின் அழுத்தமே அன்றி வேறெந்த மூடியும் இல்லை. குண்டை உள்ளே தள்ளியதும் அழுத்தம் தணிகிறது. ஆயினும் வாயு எல்லாம் ஒரே நொடியில் வெளியேறிவிடுவதில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாக ஒரு குமிழ் தோன்றுவது கடினம். கண்ணாடியில் ஒரு கீறல், ஒட்டிய தூசி, துணியின் ஓர் இழை என, ஏற்கனவே கொஞ்சம் வாயு ஒளிந்திருக்கும் இடங்களில்தான் குமிழ்கள் பிறக்கின்றன. ஆகவேதான் சோடாத் தம்ளரில் ஒரே புள்ளியிலிருந்து குமிழ்கள் சரம் சரமாக எழுகின்றன. அந்தப் புள்ளிகள் சிலவே என்பதால் ஒவ்வொரு குமிழும் நின்று நிதானமாகப் பெருக்கிறது. குடிநீர்க் குழாயில் நடப்பது இதற்கு நேர்மாறு: பாதி திறந்த வால்வின் இடுக்கில் நீர் கிழிபட்டுச் சுழன்று வருவதால் ஒரே சமயத்தில் கோடிக்கணக்கான இடங்களில் குமிழ்கள் பிறந்து, இருக்கும் கொஞ்சக் காற்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. குமிழ்கள் சிறியவையாக இருப்பதால்தான் நீர் வெளுக்கிறது.

ப்ளீச்சிங் பவுடரைப் பற்றிய ஐயத்துக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். குடிநீரில் எஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், அந்த அளவில் அது நீரின் நிறத்தை மாற்றாது, அதன் பல மடங்கு அளவிலும் மாற்றாது. ப்ளீச்சிங் பவுடரில் கரையாத சுண்ணாம்பு இருப்பது உண்மை. பணியாளர் அதைக் கரைத்துத் தெளிய வைக்காமல் அப்படியே தொட்டியில் கொட்டினால் நீர் கலங்கும். ஆனால் அந்தக் கலங்கல் அடியில் படியும், மூக்கைத் துளைக்கும் நெடியும் கூடவே வரும். நெடியில்லாமல் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும் வெண்மையை ப்ளீச்சிங் பவுடரின் மீது போடுவது நியாயமில்லை.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். சுண்ணாம்புக்கல் நிறைந்த தாழையூத்து போன்ற பகுதிகளில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படலம் ஏறுவதைக் காண்கிறோம். அதற்கும் வாயுவின் கரைதிறனே மூலம். மண்ணில் ஊறும் நீர் அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, அதன் துணையால் சுண்ணாம்புக்கல்லையும் கரைத்துக்கொள்கிறது. நீரைக் காய்ச்சும்போது அந்த வாயு வெளியேறிவிட, துணையை இழந்த சுண்ணாம்பு பாத்திரத்தில் படிகிறது. இது நீரின் கடினத்தன்மை. இதைக் குழாயில் தோன்றி மறையும் வெண்மையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெப்பத்துக்கும் இதில் பங்குண்டு. நீர் சூடாகச் சூடாக வாயுவைக் குறைவாகவே கரைத்து வைத்துக்கொள்ளும். தரைமட்ட அழுத்தத்தில், காற்றோடு தொடர்பிலிருக்கும் நீர் லிட்டருக்கு 0 பாகையில் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்திருக்கும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். உலையில் வைத்த நீர் கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் சுவரில் முத்து முத்தாக ஒட்டும் குமிழ்கள் நீராவி அல்ல. கரைந்திருந்த காற்று இடமின்றி வெளியேறுவது. அக்கினி நட்சத்திர நாட்களில் மொட்டைமாடியில் கிடக்கும் குழாயில் நீர் சுடச்சுட நிற்கும்; அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்வரை காற்று வெளியேற வழியில்லாமல் இருந்து, குழாயைத் திறந்ததும் பிரியும். அதிகாலையில் தெளிவாக வரும் நீர் உச்சிவெயிலில் வெளுத்து வருகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

அந்தச் செய்தியை ஒட்டி வாட்ஸ்அப்பில் பரவிய ஒரு பதிவு, காற்றுக் கலந்த நீரைக் குடித்தால் காற்று இரத்தத்தில் கலந்து மாரடைப்பு வரும் என்கிறது. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்போருக்கு உண்டாகும் ஆபத்தை எங்கோ கேட்டவர் அதை இங்கே ஒட்டவைத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவரின் இரத்தத்திலும் கொழுப்பிலும் நைட்ரஜன் மிகுதியாகக் கரைகிறது. அவர் விரைந்து மேலேறினால் அது உடலுக்குள்ளேயே குமிழ்களாகி மூட்டுகளை முடக்கும், உயிரையும் பறிக்கும். இதைத் தவிர்க்கப் படிப்படியாக நின்று நின்று மேலேற வேண்டும் என்பதை உடலியல் அறிஞர் ஜே. எஸ். ஹால்டேன் 1908ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். அந்த ஆபத்து அழுத்தத்தில் நெடுநேரம் சுவாசிப்பதால் வருவது. வெளுத்த நீரைக் குடிப்பவரின் உடல் எந்த அழுத்தத்துக்கும் உட்படவில்லை. ஒரு தம்ளர் நீரில் இருக்கும் மிகைக் காற்று பதினைந்து மில்லிலிட்டரைத் தாண்டாது, அதுவும் பெரும்பாலும் உதட்டுக்கு வருமுன்பே பறந்துவிடும். ஒரு புட்டி சோடாவில் அதைப் போல் நாற்பது மடங்கு வாயுவைக் குடித்துவிட்டு ஏப்பம் விடும் நாம் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

குடிப்பவர் அஞ்ச வேண்டாம் என்றாலும் மோட்டார் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸர் இல்லாமல் சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும் கிணற்றில், இதுவரை தெளிவாக வந்த நீர் திடீரென வெளுத்து விட்டு விட்டு வரத் தொடங்கினால், மெக்கானிக்குகள் சொல்வதுபோல் மோட்டார் காற்று இழுக்கிறது என்று பொருள். நீர்மட்டம் மோட்டாரின் தலைக்கு நெருங்கி இறங்கிவிட்டது. பம்பு நீரோடு காற்றையும் உறிஞ்சி, தன் அழுத்தத்தில் அதைக் கரைத்து அனுப்புகிறது. அப்படியே ஓடவிட்டால் குளிர்விக்க நீரின்றி மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) எரிந்துவிடும். உடனே நிறுத்தி, ஊற்று ஊற நேரம் விட்டு, குறைந்த நேரம் மட்டும் இயக்க வேண்டும். ஜெட் மோட்டார் என்றால் உறிஞ்சு குழாயின் இணைப்பில் எங்கேனும் ஒழுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியே நீர் சொட்டாத விரிசல்கூட உள்ளே காற்றை இழுக்கும்.

மனிதருக்குத் தீங்கற்ற இந்த நீர் மீனுக்குத் தீங்கானது என்பது பலர் அறியாதது. பண்ணைக்குட்டைகளில் கட்லாவும் ரோகுவும் வளர்ப்போர், வெளுத்து வரும் ஆழ்துளை நீரைக் குழாயை நீருக்குள் அமிழ்த்தி நேரடியாக விடுவதுண்டு. மிகையாகக் கரைந்த வாயு செவுள் வழியாக மீனின் இரத்தத்தில் புகுந்து அங்கே குமிழாகிறது. செவுளிலும் துடுப்பிலும் கண்ணோரத்திலும் குமிழ்கள் தென்பட்டு மீன்கள் சாகும். நீரில் கரைந்த வாயுக்களின் மொத்த அளவு இயல்பு நிலையின் 110 சதவீதத்தைத் தாண்டினாலே இவ்வாபத்து தொடங்குகிறது. சங்கு குளிப்பவருக்கு ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுகையில் நேர்வது மீனுக்கு ஒரு முழ நீரிலேயே நேர்ந்துவிடுகிறது. தீர்வு செலவில்லாதது: குழாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி, நீரைக் கல்லிலோ துளையிட்ட தகட்டிலோ விழச்செய்து சிதறவிட்டால், மிகைக் காற்று பிரிந்துபோகும், நிலத்தடி நீரில் பெரும்பாலும் குறைவாக இருக்கும் ஆக்சிஜனும் சேரும்.

கடைசியாக, கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைப் பராமரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். குழாயில் சேரும் காற்றை வெளியேற்றவே மேடான இடங்களில் ஏர் வால்வுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. கோடையில் அவற்றில் கசியும் நீரைப் பிடிக்க மக்கள் கூடுவதும், கசிவை நிறுத்துவதாக எண்ணி யாரேனும் ட்யூபைச் சுற்றி இறுகக் கட்டிவிடுவதும் சாலையோரங்களில் காணக்கூடிய காட்சி. வால்வு அடைபட்டால் காற்று வெளியேற வழியில்லை. கடைக்கோடி ஊரில் நீர் வெளுத்து வருவதோடு, நசுங்கிய காற்று சில இடங்களில் நீரோட்டத்தையே தடுத்துவிடும். வால்வுக்குழியில் கழிவுநீர் தேங்கி நின்றால் குழாய் காலியாகும் நேரத்தில் அது உள்ளே உறிஞ்சப்படும். நீர் பளிங்குபோல் வந்தாலும் நோயைக் கொண்டுவரக்கூடியது அதுவே, ஊரார் தெருவில் ஊற்ற வேண்டிய நீரும் அதுவே. நீர் விடும் இடைவெளி மேலும் நீளும் சித்திரை, வைகாசி மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு ஏர் வால்வையும் திறந்து பார்த்துக் குழிகளைத் துப்புரவு செய்துவிட்டு, தெருக்குழாய்கள் அருகே மேலே சொன்ன கண்ணாடித் தம்ளர்ச் சோதனையை நான்கு வரிகளில் எழுதி ஒட்டவும் உள்ளாட்சி அமைப்புகள் ஆவன செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.